சண்டையில் யார் முதலில் இறங்கி வருவது?

ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேறிவிட்டால் பெங்களூரு சிவாஜிநகரில் கால்வைக்க இடமிருக்காது. செயின்ட் மேரி பசிலிக்காவின் நவநாள், அதாவது மாதா திருவிழாவுக்கு முந்தைய வேண்டுதல் நாட்கள், தொடங்கிவிட்டது என்று பொருள். செப்டம்பர் 8 வரை காவி உடுத்தியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 1882இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோதிக் கோபுரத்தின் கீழே தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மாறி மாறித் திருப்பலி நடக்கும். 1809இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது சிப்பாய்களாகவும் சமையற்காரர்களாகவும் கொத்தனார்களாகவும் கூடவே வந்த தமிழர்களின் வழித்தோன்றல்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். போன வருடம் ஓசூர் ரோட்டில் வேலை கிடைத்து வந்தவர்களும் இருப்பார்கள்.

அங்கே இரண்டு விதமான வரிசைகளைப் பார்க்கலாம். ஒன்று நேர்த்திக்கடன் வரிசை. மெழுகுவத்தி, பூமாலை, மாதாவுக்குச் சேலை. கேட்டது கிடைத்தது, சொன்னதைச் செலுத்துகிறேன் என்கிற நேர்மையான கணக்கு அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இன்னொன்று பாவ அறிக்கை வரிசை; குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறக் காத்திருப்பவர்கள். அதில் நிற்பவர் கையில் எதுவும் இருக்காது. கடவுளோடு ஒப்புரவாவது, அதாவது முறிந்த உறவு மறுபடி சேர்வது, என்று கிறிஸ்தவம் சொல்வது இந்த இரண்டாம் வரிசையின் விஷயம். சிக்கல் என்னவென்றால், முதல் வரிசையின் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு இரண்டாம் வரிசையில் போய் நிற்பவர்கள்தான் அதிகம். நான் தப்புச் செய்துவிட்டேன், சாமி கோபமாக இருக்கிறார், எதையாவது கொடுத்து அவரைத் தணிக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. கத்தோலிக்கரை மட்டும் சொல்லவில்லை. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை) ஒரு மாதம் தவறினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று நடுங்குகிற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களும், உபவாசம் இருந்து தேவனை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்புகிற பெந்தெகொஸ்தே குடும்பங்களும் இதே நகரத்தில் உண்டு.

கிறிஸ்தவத்தின் மூல ஆவணங்கள் சொல்வது இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. அதை முதலில் விரிவாக எழுதியவர் பவுல், முதல் தலைமுறைத் திருத்தூதர். கி.பி. 50களின் நடுவில் கொரிந்து நகரத்துச் சபைக்கு அவர் எழுதிய இரண்டாம் கடிதம் ஒரு சண்டைக்குப் பிறகு எழுதப்பட்டது. அந்தச் சபைக்கும் அவருக்கும் மனக்கசப்பு. கண்ணீரோடு ஒரு கடிதம் எழுதியதையும், அது அவர்களைப் புண்படுத்தியதையும் அவரே சொல்கிறார். அப்படிப்பட்ட கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில்தான், தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தாருடைய பாவங்களைக் கணக்கில் வைக்காமல் அவர்களைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று வருகிறது. உறவு முறிவதென்றால் என்னவென்று சொந்த அனுபவத்தில் தெரிந்த மனிதர் எழுதியது இது.

இதில் யார் என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். பவுல் எந்த இடத்திலும், மனிதர் கடவுளைச் சமாதானப்படுத்தினர் என்று எழுதவில்லை. கடவுள் மனிதரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார் என்றுதான் எழுதுகிறார். ரோமருக்கு எழுதியபோது இன்னும் ஓர் அடி போனார்: நாம் சத்துருக்களாக இருக்கையிலேயே அது நடந்துவிட்டது. மனந்திரும்பிய பிறகு, அழுத பிறகு, திருந்திய பிறகு என்று அவர் எழுதவில்லை.

நம் குடும்பச் சண்டைகளின் நியதி வேறு. சொத்துத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை நிறுத்திவிட்டால், தப்புச் செய்தவன் முதலில் வரட்டும் என்று மற்றவன் காத்திருப்பான். ஒரு கல்யாணமோ ஒரு சாவோ வரும். பெரியவர்கள் நடுவில் உட்காருவார்கள். யார் முதலில் இறங்கி வருவது என்பதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். இறங்கி வருவது தோற்பதற்குச் சமம். கிறிஸ்தவம் சொல்லும் கதையில், எந்தத் தப்பும் செய்யாத தரப்பு இறங்கி வருகிறது. இயேசு பிறந்த பெத்லகேமில் தொடங்கி, அவர் சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவில் முடிகிற மொத்தச் செய்தியும் அந்த இறக்கம்தான்.

லூக்கா 15இல் இயேசு சொல்லும் கெட்ட குமாரன் கதையைத் தமிழ்க் கிறிஸ்தவக் குழந்தைகள் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டுவிடுவார்கள். அதனாலேயே அதில் உள்ள ஒரு நுணுக்கம் கண்ணில் படாமல் போகிறது. தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் மகன், புறப்படும் முன்பே பேச வேண்டியதைத் தயார் செய்துகொள்கிறான். மூன்று வாக்கியங்கள். பாவம் செய்தேன், உம்முடைய மகன் என்று சொல்லப்படத் தகுதியில்லை, உம் கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். மூன்றாவது வாக்கியம் ஒரு கடன் தீர்க்கும் திட்டம். வேலை செய்து, கொஞ்சம் கொஞ்சமாக இழந்ததை ஈடுகட்டிவிடலாம். ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மகன் முதல் இரண்டு வாக்கியங்களைச் சொல்லி முடிக்கிறான். மூன்றாவதைச் சொல்லத் தகப்பன் விடவில்லை. அதற்குள் வேலைக்காரரிடம் நல்ல உடை கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கூலிக்காரனாகும் திட்டம் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.

அப்படியானால் கடவுளின் கோபம் என்னவாயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கோபத்தைப் பற்றியும் அதே பவுல் எழுதியிருக்கிறார். ரோமர் முதல் அதிகாரத்திலேயே அது வந்துவிடுகிறது. கடவுள் அன்பானவர், அதனால் எதையும் கண்டுகொள்ள மாட்டார் என்று எளிதாகக் கடந்து போகிற பிரசங்கங்கள் பைபிளின் பாதியைக் கிழித்துப் போடுகின்றன. அநியாயத்தைக் கண்டு கோபம் வராத கடவுளால் ஏமாற்றப்பட்டவனுக்கு என்ன பயன்? ஆரம்பத் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டின் (354–430) இந்த முரணை நழுவவிடாமல் பிடித்தார்: கடவுள் நம்மை வெறுத்தபோதே வியப்பான விதத்தில் நேசிக்கவும் செய்தார். நாம் நம்மை ஆக்கிக்கொண்டதை வெறுத்தார், தாம் படைத்ததை நேசித்தார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு புராட்டஸ்டண்டு சீர்திருத்தவாதி கால்வின் இந்த இடத்தை விளக்க முற்பட்டபோது அகஸ்டினையே மேற்கோள் காட்டினார்.

பலியும் இதே திசையில்தான் ஓடுகிறது. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் வரும் பாவநிவாரண நாளில், ஆண்டுக்கு ஒருமுறை பிரதான ஆசாரியன் மட்டும், கடவுளின் சந்நிதியை மறைக்கும் திரைக்கு உள்ளே போவான். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள்: ஒன்று பலியாகும், மற்றொன்று மக்களின் அக்கிரமங்களைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகும். பார்வைக்கு இது கடவுளுக்கு மனிதர் கொடுப்பது போலத்தான் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் கடவுள் சொல்வதோ வேறு: பாவநிவிர்த்தி செய்யும்படி அந்த இரத்தத்தை உங்களுக்குக் கொடுத்தவரே நான்தான். இயேசு மரித்தபோது தேவாலயத் திரைச்சீலை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று மாற்கு எழுதும்போது, கிழித்த கை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்.

சிலுவை இதை எப்படிச் சாதித்தது என்பதில் திருச்சபைக்கு ஒரே விளக்கம் எப்போதும் இருந்ததில்லை. முதல் நூற்றாண்டுகளில் சாத்தானையும் மரணத்தையும் கிறிஸ்து வென்றார் என்பதே முன்னால் நின்றது. கிழக்குத் திருச்சபைகள் பாவத்தை நோயாகப் பார்த்து, ஒப்புரவைக் குணமடைதலாகப் பேசின. 1098இல் இறையியலாளர் அன்செல்ம், தாம் வாழ்ந்த பிரபுத்துவ உலகத்துக்கு ஏற்ப, கடவுளின் மாண்புக்கு நேர்ந்த இழுக்கை ஈடுசெய்யக் கடவுளும் மனிதருமான ஒருவரால்தான் முடியும் என்று வாதிட்டார். அவருக்கு அடுத்த தலைமுறை இறையியலாளர் அபெலார் அந்த வாதத்தோடு ஒத்துப்போகாமல், சிலுவையில் தெரியும் அன்பே மனித மனத்தைத் திருப்புகிறது என்றார். பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் போன்றோர் (அவர் சட்டம் படித்தவர்) தண்டனை, நீதிபதி, விடுதலை என்ற நீதிமன்ற மொழியைக் கையில் எடுத்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரு வரை நற்செய்திக் கூட்டங்களை ஆட்டிப்படைப்பது இந்தக் கடைசி மொழிதான். நீதிபதி தண்டனை விதிக்கிறார், பிறகு அங்கியைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து தானே அபராதத்தைக் கட்டுகிறார் என்ற கதையைக் கேட்காத தமிழ்ப் புராட்டஸ்டண்டு இருக்க முடியாது. அந்தக் கதை ஓரளவு சரி; குறைந்தபட்சம் கட்டுபவரும் விதித்தவரும் ஒருவரே என்கிறது. ஆனால் மேடையில் சூடேறும்போது கதை மாறிவிடுகிறது. பிதா ஒரு பக்கம் கையில் கோலோடு நிற்கிறார், குமாரன் குறுக்கே விழுந்து அடி வாங்கிக்கொள்கிறார். இது என் பார்வையில் வெறும் மிகையல்ல, தவறு. இரக்கமுள்ள ஒரு கடவுளும் இரக்கமில்லாத ஒரு கடவுளும் என்று இரண்டாகப் பிளந்துவிடுகிறது. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து செயல்பட்டார் என்று பவுல் எழுதிய வாக்கியத்தில் அதற்கு இடமில்லை. பிதாவின் மனத்தைக் குமாரன் மாற்றவில்லை. பிதாவின் மனம்தான் குமாரனை அனுப்பியது.

சரி, கடவுள் செய்து முடித்துவிட்டார் என்றால் பாவ அறிக்கை எதற்கு? பவுலின் அதே பத்தியில் அடுத்த வரி ஒரு வேண்டுகோள்: “தேவனோடே ஒப்புரவாகுங்கள்.” நீட்டிய கையைப் பற்றிக்கொள்ளச் சொல்லும் வேண்டுகோள் அது. எப்படிப் பற்றிக்கொள்வது என்பதில்தான் சபைகள் பிரிந்தன.

ஆரம்பத் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும் பாவங்களுக்கு ஊரறியத் தவம் இருக்க வேண்டும். சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில். திரும்பச் சேர்த்துக்கொள்வதும் ஊரறிய நடக்கும். காதோடு காதாகக் குருவிடம் சொல்லி, அதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்ற வழக்கம் ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் பரப்பியது. 1215இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று சட்டமாக்கியது. குரு உட்கார்ந்து பாவ அறிக்கை கேட்கும், நமக்குத் தெரிந்த அந்த மரக் கூண்டு பதினாறாம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோவின் காலத்தில் பரவியது. மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்று மூன்றும் மனிதர் பங்கு. மன்னிப்பு வழங்குவது குருவின் வழியாகக் கடவுளின் பங்கு. பரிகாரம் என்றவுடன் விலை கொடுப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மன்னிப்பு கிடைத்த பிறகு செய்யும் காரியத்தை விலை என்று எப்படிச் சொல்வது?

1973இல் ரோம் இந்த அருட்சாதனத்தின் (புனிதச் சடங்கின்) முறையைத் திருத்தி வெளியிட்டது. பாவசங்கீர்த்தனம் என்று பாட்டிமார் சொன்னதை இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். அதைவிட முக்கியமானது, குரு சொல்லும் மன்னிப்பு வாய்பாடு. நான் உன்னை மன்னிக்கிறேன் என்ற சொல்லுக்கு முன்பாக, இரக்கமுள்ள தந்தை தம் மகனின் இறப்பாலும் உயிர்ப்பாலும் உலகை ஏற்கெனவே தம்மோடு ஒப்புரவாக்கிவிட்டார் என்ற செய்தி வருகிறது. கொரிந்தியர் கடிதம் நேராகக் கூண்டுக்குள் வந்துவிட்டது. பெங்களூருவில் இதற்கு ஒரு பக்கக் கதை உண்டு. அலுவலகத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் கன்னடம் என்று நாளை ஓட்டுகிறவர்கள்கூடப் பாவ அறிக்கைக்கு மட்டும் தமிழ் தெரிந்த குருவானவரைத் தேடிப் போவார்கள். தவக்காலத்தில் பங்குத்தந்தையர் வெளியிலிருந்து தமிழ்க் குருக்களை அழைத்து உட்காரவைப்பது அதனால்தான். விற்பதற்கும் வாங்குவதற்கும் உதவும் மொழி, வெட்கத்தைச் சொல்ல உதவுவதில்லை போலிருக்கிறது.

புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1517இல் வெளியிட்ட 95 கோட்பாடுகளில் முதலாவதிலேயே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றார். தனி அறிக்கையை அவர் ஒழித்துவிட்டார் என்பது பரவலான தவறான எண்ணம். கட்டாயத்தைத்தான் ஒழித்தார், பழக்கத்தை அவரே விரும்பிப் பின்பற்றினார். இன்று சி.எஸ்.ஐ. ஆராதனையில் சபையார் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வார்கள், ஆயர் மன்னிப்பின் வார்த்தையை அறிவிப்பார். பெந்தெகொஸ்தே சபைகளிலோ ஒப்புரவுக்கு ஒரு தேதி உண்டு: இரட்சிக்கப்பட்ட நாள். தம் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சபையில் சொல்ல எழுந்தால் அந்தத் தேதியில்தான் தொடங்குவார்கள்.

கடவுள் நம்மை ஏற்பது நம் தகுதியாலா கிருபையாலா என்று இத்தனை பிரிவுக்கும் மூலமாக இருந்த சண்டை, காகிதத்திலாவது, பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். அந்த ஏற்பே நற்செயல்களுக்கு நம்மை ஆயத்தப்படுத்துகிறது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 2006இல் உலக மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள், 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பு சேர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் பக்கத்தில் ஒரு முன்னோட்டம் நடந்திருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. பெங்களூருவில் இந்தக் கூட்டறிக்கையைப் பற்றித் தமிழில் ஒரு பிரசங்கம் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. கேட்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

இதுவரை பேசியது மனிதருக்கும் கடவுளுக்கும் இடையிலான கதை. அதை அங்கேயே நிறுத்திக்கொள்வது வசதியானது. பைபிள் அந்த வசதியைத் தருவதில்லை. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு, காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்தவனுக்குத் தன்மேல் சகோதரனுக்கு ஒரு குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார். சி.எஸ்.ஐ. 1950இல் உருவாக்கிய நற்கருணை ஆராதனை முறையில் இதை நேரடியாகச் சடங்காக்கினார்கள். காணிக்கைக்கு முன்பு, கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்தைப் பின்பற்றி, ஒருவர் இரு கைகளுக்குள் மற்றவர் கையை வைத்துச் சமாதானம் பகிரும் வழக்கம் அப்படி வந்தது. மேற்கத்தியச் சபைகள் பிறகு இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணைக்குச் சற்று முன்பு கைகுவித்து ஒருவரை ஒருவர் வணங்குவதும் இதே இனம்.

எபேசியர் 2ஆம் அதிகாரம், யூதருக்கும் மற்றவருக்கும் நடுவில் இருந்த பகையின் சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்கிறது. வாசித்தவர்களுக்கு அது உருவகமாக மட்டும் கேட்டிருக்காது. எருசலேம் தேவாலயத்தில் அன்னியர் தாண்டக் கூடாத ஒரு தடுப்பு உண்மையிலேயே இருந்தது. தாண்டினால் வரும் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் வெட்டிய எச்சரிக்கைக் கல் 1871இல் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெங்களூருத் தமிழருக்கும் சுவர் தெரியும். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்நகரில் தமிழர் தாக்கப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. வழிபாட்டில் எந்த மொழிக்கு எவ்வளவு இடம் என்ற சச்சரவு இந்நகரக் கத்தோலிக்கரிடையே பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்திருக்கிறது. ஒரே அப்பத்தை உண்பவர்கள் எந்த மொழியில் உண்பது என்று பகைத்துக்கொள்வதை இறையியல் எப்படி விளக்குமோ தெரியாது. வரலாறு எளிதாக விளக்கிவிடும்.

அதைவிடப் பழைய சுவர் சாதி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அந்தத் தோட்டத்தைக் கொண்டுவரவில்லை, ஆனால் திருமண விளம்பரத்தில் “கிறிஸ்தவ” என்ற சொல்லுக்கு அடுத்து வரும் சொல்லைக் கொண்டுவந்துவிட்டார்கள். 1981இல் இந்நகரின் ஐக்கிய இறையியல் கல்லூரியில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரைதான் பின்னாளில் தலித் இறையியல் என்று பெயர் பெற்றதற்குத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. இந்தியக் கிறிஸ்தவ இறையியல் அதுவரை மேல்சாதி அனுபவத்தையே மூலப்பொருளாகக் கொண்டிருந்தது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவருக்குப் பின் வந்தவர்கள் ஒப்புரவு என்ற போதனையையே சந்தேகத்தோடு பார்த்தார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அடித்தவன் ஒப்புரவு பேசினால் அது பெரும்பாலும் “போனது போகட்டும்” என்று பொருள்படும். அடி வாங்கியவன் மன்னிக்க மறுத்தால் அவனையே கிறிஸ்தவனல்ல என்று சொல்லிவிடலாம். கிருபை இலவசம் என்ற உண்மை, ஏய்த்தவன் எதையும் திருப்பித் தர வேண்டாம் என்பதற்குச் சான்றிதழாக மாறிவிடும்.

லூக்கா 19இல் வரும் சகேயு, எரிகோவின் தலைமை வரிவசூலிப்பவன். ஊரைச் சுரண்டிப் பணக்காரன் ஆனவன். இயேசு அவனிடம் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. மரத்திலிருந்து இறங்கிவா, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். பாவியின் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஊர் முறுமுறுக்கிறது. பிறகுதான் சகேயு எழுந்து நின்று பேசுகிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, எவனிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நான்கு மடங்கு திரும்ப. தானாக முன்வந்து ஒப்புக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் யாத்திராகமத்தில் நான்கு மடங்கு. சகேயு தன்னைத் திருடன் பட்டியலில் தானே சேர்த்துக்கொள்கிறான். இந்த வீட்டுக்கு இன்று இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்வது அதைக் கேட்ட பிறகு. நான்கு மடங்கை வாங்கிக்கொண்ட எரிகோக்காரர்கள் அவனோடு பேசத் தொடங்கினார்களா என்று லூக்கா எழுதவில்லை. பேசியாக வேண்டும் என்றும் அவர்களுக்கு யாரும் கட்டளையிடவில்லை.